திருச்சியா, மதுரையா?

காரைக்குடிக்கு வடக்கே திருச்சி, மேற்கே மதுரை. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் பல ஆண்டுகள் மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பியது. மதுரையின் அதிர்வெண் 1269 கிலோஹெர்ட்ஸ். காரைக்குடியில் உள்ள ஒரு வானொலிப் பெட்டிக்குள் இரண்டு அலைகளும் ஒரே சமயத்தில் நுழையும். ஆனால் நாம் கேட்பது ஒன்றைத்தான். மற்றதைத் தடுத்தது யார்?

பெட்டியைத் திறந்து பாருங்கள். கருநிறத் தண்டு ஒன்றின்மேல் கம்பிச்சுருள் சுற்றியிருக்கும். அதனுடன் மாற்றத்தக்க மின்தேக்கி ஒன்று இணைந்திருக்கும். வானொலி அலை சுருளுக்குள்ளேயே மின்னழுத்தத்தைத் தூண்டுவதால், இது ஒரு தொடர் சுற்று ஆகும்.

மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருளும் மின்தேக்கியும் காட்டும் மறுப்புகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. அதிர்வெண் கூடினால் சுருளின் மறுப்பு கூடும். மின்தேக்கியின் மறுப்பு குறையும். ஏதாவது ஓர் அதிர்வெண்ணில் இரண்டும் சமமாகி, ஒன்றையொன்று நீக்கிவிடும். இதுவே ஒத்ததிர்வு. அப்போது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எஞ்சி நிற்பது மின்தடை மட்டுமே.

கணக்கிட்டுப் பார்ப்போமா? சுருள் 200 மைக்ரோஹென்றி, மின்தடை 12 ஓம் என்று கொள்வோம். மின்தேக்கியை 145 பிக்கோஃபாரடில் வைத்தால், 936 கிலோஹெர்ட்ஸில் இரு மறுப்புகளும் சுமார் 1,176 ஓம். எனவே திருச்சி அலைக்கு மொத்த எதிர்ப்பு வெறும் 12 ஓம்! அதே நிலையில் மதுரை அலைக்குச் சுருள் 1,595 ஓம், மின்தேக்கி சுமார் 865 ஓம். வேறுபாடு ஏறத்தாழ 730 ஓம். இரண்டு அலைகளும் சம அளவு மின்னழுத்தத்தைத் தூண்டினாலும், மதுரையின் மின்னோட்டம் திருச்சியினுடையதில் அறுபதில் ஒரு பங்குதான்.

இப்போது மின்தடையை 120 ஓம் ஆக்குங்கள். ஒத்ததிர்வு அதிர்வெண் மாறாது. ஆனால் மதுரையின் மின்னோட்டம் ஆறில் ஒரு பங்காக உயர்ந்துவிடும். திருச்சியின் பாட்டுக்கு நடுவே மதுரையின் செய்தியும் கேட்கும்! ஆகவே எந்த அதிர்வெண் என்பதைச் சுருளும் மின்தேக்கியும் முடிவு செய்கின்றன; எவ்வளவு துல்லியமாகப் பிரிப்பது என்பதை மின்தடை முடிவு செய்கிறது. இதனால்தான் பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியால் இச்சுருளைச் சுற்றுகிறார்கள். உயர் அதிர்வெண்ணில் அதன் தடை குறைவு.

மதுரையைக் கேட்க மின்தேக்கியை எத்தனை பிக்கோஃபாரடுக்குத் திருப்ப வேண்டும்? நீங்களே கணக்கிடுங்கள். 80க்குச் சற்றுக் குறைவாக வந்தால் உங்கள் விடை சரி.