சாவின் பிடியிலும் பிற குழந்தைகளை நினைத்த சிறுமி! 3 ஆயிரம் ஜாடிகளில் பொம்மை அனுப்பினாள்

மூளைத்தண்டில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுக்க முடியாத இடம். டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சிறுமி ஜெஸ்ஸி ரீசுக்கு 2011 மார்ச் மாதம் வந்த சோதனை இது.

கதிர்வீச்சு சிகிச்சைக்காக அப்பா, அம்மாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போவாள். முடிந்ததும் வீடு திரும்பி விடுவாள். அப்படித் திரும்பும்போது ஒரு நாள் கேட்டாள்:

"மத்த பிள்ளைங்கல்லாம் எப்போ வீட்டுக்குப் போவாங்க?"

பெற்றோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில பிள்ளைகள் அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னார்கள்.

ஜெஸ்ஸி விடவில்லை. "அவங்களுக்கு நாம என்ன செய்யலாம்?" என்றாள்.

'ஜாய் ஜார்'

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்கியது. முதலில் காகிதப் பைகளில் விளையாட்டுச் சாமான்களைப் போட்டாள். பிறகு பிளாஸ்டிக் ஜாடிக்கு மாறினாள். பொம்மை, கிரேயான், ஸ்டிக்கர் என்று ஜாடியின் வாய் வரை அடைத்தாள்.

அவளுடைய முழுப்பெயரில் 'ஜாய்' என்று ஒரு சொல் உண்டு. மகிழ்ச்சி என்று அர்த்தம். அதனால் ஜாடிக்கும் 'ஜாய் ஜார்' என்றே பெயர் விழுந்தது.

"ஒருபோதும் விட்டுவிடாதே" என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு அவள் சொன்ன தைரியம்.

தலைக்கு மேல் கத்தி தொங்கியது. கை மட்டும் ஓயவில்லை. ஜாடிகள் ஒவ்வொன்றாக ஆஸ்பத்திரிப் பிள்ளைகளின் கட்டிலைத் தேடிப் போயின.

2012 ஜனவரி 5-ந் தேதி ஜெஸ்ஸி கண்ணை மூடினாள். வயது 12.

நோய் தெரிந்த பிறகு அவளுக்குக் கிடைத்தது 10 மாதம்தான். அதற்குள் 3 ஆயிரத்துக்கும் அதிகமான ஜாடிகள் போய்ச் சேர்ந்திருந்தன.

பெற்றோர் அழுதுகொண்டு உட்கார்ந்து விடவில்லை. மகள் பெயரில் அறக்கட்டளை அமைத்தார்கள். அவள் விட்ட இடத்திலிருந்து ஜாடிகளை நிரப்பினார்கள்.