டீசலை விட்டு விலகும் ரயில்

அகல ரயில் பாதைகளில் மின்கம்பி எட்டாமல் மிஞ்சியிருந்த சுமார் 13,675 கிலோமீட்டரையும் மின்மயமாக்க 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2021-22க்குள் முடிப்பதாகச் சொன்ன கெடு தவறியது. என்றாலும் இன்று வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த மின்சாரமே பெரும்பாலும் நிலக்கரியை எரித்து வருவதுதானே, புகை இடம் மாறியதைத் தவிர என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே ஓடும் டீசல் என்ஜின்களின் சக்கரத்தைச் சுழற்றுவதும் பெரும்பாலும் மின்மோட்டார்தான். டீசல் எரிந்து ஜெனரேட்டரை ஓட்ட, அந்த மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. தனக்கான மின்நிலையத்தைத் தானே சுமந்து ஓடும் அதற்கு எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும். தலைக்கு மேல் கம்பி இருந்தாலோ, இன்று நிலக்கரி தரும் மின்சாரத்தை நாளை சூரிய ஒளியும் காற்றும் தரலாம். என்ஜினில் எதையும் மாற்ற வேண்டாம். போதாததற்கு, புதிய மின் என்ஜின்கள் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. டீசல் என்ஜினில் அது வெறும் சூடாகக் காற்றோடு போய்விடுகிறது.

செலவு சுமார் 12,134 கோடி ரூபாய், எரிபொருளில் ஆண்டுதோறும் மிச்சமாவது 13,510 கோடி என்பது அரசின் அன்றைய கணக்கு. மின் என்ஜின் வாங்கவும் பணம் வேண்டும் என்பதால், இதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. புயலில் கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கடலோரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதற்குக் கொஞ்சம் டீசல் என்ஜின்களைத் தயாராக நிறுத்திவைத்தால் போதும்; அன்றாட ஓட்டத்துக்கு அவை எதற்கு?