முதுகும் ஒரு மூலதனமே

சங்கத்தின் ஆஸ்திகள் யாவை என்று கேட்டால், பங்குத்தொகை, நூலிருப்பு, தறி, கட்டடம் என்று வரிசைப்படுத்துகிறோம். ஐந்தொகையில் இடம்பெறாத ஆஸ்தி ஒன்றும் உண்டு. அது அங்கத்தினரின் முதுகு.

சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தபோது, ஓர் அங்கத்தினர் மாதந்தோறும் குறைவாகவே துணி ஒப்படைத்து வருவதைக் கண்டேன். ‘ஊக்கக் குறைவு’ என்று குறிப்பெழுதினேன். மாலையில் அவர் இல்லம் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. அவருடைய குழித்தறி, நெட்டையரான அவர் தந்தையாரின் அளவுக்கு அமைக்கப்பட்டது. மிதியை எட்டும்பொருட்டு இவர் பலகையின் விளிம்புக்கு நகர்ந்து, முதுகை வில்லாக வளைத்தே நெய்து வந்தார். ஒரு மணி நேரத்திற்குமேல் அமர அவரால் இயலவில்லை. மறுநாள் என் குறிப்பைத் திருத்தினேன். அவர் முதுகைத் திருத்துவது அத்துணை எளிதாயில்லை.

இதன் காரணத்தை ஒரு துலாக்கோலைக் கொண்டு உணரலாம். முதுகெலும்பே தாங்குமுனை. முன்புறம் சுமை, பின்புறம் அதனை இழுத்து நிறுத்தும் தசைகள். இத்தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்திலேயே உள்ளன. ஆகவே, 20 கிலோ சுமையை 50 சென்டிமீட்டர் எட்டத்தில் ஏந்தினால், தசைகள் சுமார் 200 கிலோ எடைக்கு நிகராக இழுக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் அளவில் உடலையொட்டி ஏந்தினால் அதிற்பாதி போதும். குனிந்தாலோ, நம் மேலுடலின் எடையும் இத்துடன் சேரும். இவ்வளவு பளுவையும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளே தாங்குகின்றன.

நெசவாளர் கவனிக்க வேண்டியவை சில. இரு பாதங்களும் எட்டிப் பிடிக்காமல் மிதியில் படியுமாறு பலகையின் உயரம் இருத்தல் வேண்டும். படமரம் முழங்கை மட்டத்தை ஒட்டி அமைவது நலம். அறுந்த இழையைக் குனிந்து தேடாதபடி பாவின்மேல் வெளிச்சம் விழ வேண்டும். அரைமணிக்கொரு முறை எழுந்து நின்று முதுகை நிமிர்த்துவது நேர விரயமன்று.

உழவர் மூட்டையைத் தூக்குங்கால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குக. மூட்டையை மார்போடு அணைத்து, கால்களின் வலிமையால் எழுக. சுமையுடன் இடுப்பைத் திருகாமல், பாதங்களைப் பெயர்த்துத் திரும்புக. வரிசை நடவு செய்த வயலில் உருளைக் களைக்கருவியைப் பயன்படுத்தினால் நின்றவாறே களையெடுக்கலாம்.

வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நம் நாட்டில் யூரியா மூட்டையின் எடையும் 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. எனினும் 45 கிலோவும் முதுகுக்குப் பெருஞ்சுமையே. இருவர் சேர்ந்து தூக்குவதில் இழுக்கில்லை, அதுவும் கூட்டுறவே.

வலி காலுக்குப் பரவினாலோ, மரமரப்புத் தோன்றினாலோ, தைலத்தோடு நில்லாது மருத்துவரை நாடுக.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இனித் தறிக்குக் கடன் வழங்குமுன், நெய்யப்போகிறவரைப் பலகையில் அமர்த்தி, அவர் காலளவைப் பாருங்கள். பலகையைத் தாழ்த்தவும் மிதியை உயர்த்தவும் ஒரு தச்சரின் அரைநாட் கூலி போதும். தளர்ந்த முதுகை மீட்க எந்தக் கடனும் போதாது.