நான்காம் நாளுக்கான ஜெனரேட்டர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மற்ற மாவட்டங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தார்கள். அப்படியும் உள்ளடங்கிய கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த வர்தா புயல், சென்னையின் பல பகுதிகளை நாள்கணக்கில் இருளில் வைத்திருந்தது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தாக்கிய போர்ட்டோ ரிக்கோ தீவில் மின்சாரம் முழுமையாகத் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதங்கள் பிடித்தன.

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது "எத்தனை கே.வி.ஏ.?", "என்ன விலை?" என்ற இரண்டைத்தான். இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான்காம் நாள் இது எதில் ஓடும்? முதல் நான்கு மணி நேரத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடக்க, திறந்திருக்கும் ஒன்றிரண்டு பங்க்குகளில் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போதுதான் ஜெனரேட்டரின் தகுதி தெரியும். பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓடக்கூடிய இரட்டை எரிபொருள் ஜெனரேட்டர்களின் அருமையும் அங்கேதான் இருக்கிறது.

ஒரே எண்ணெயின் இரண்டு பிள்ளைகள்

இரண்டு எரிபொருளில் ஓடும் இயந்திரம் நமக்குப் புதிதல்ல. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் சிறு ஜெனரேட்டர்கள் நம் கடைத்தெருக்களில் நெடுங்காலம் ஓடின. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதான பிறகு அந்த இடத்துக்கு எல்பிஜி வந்திருக்கிறது.

எல்பிஜி கண்டறியப்பட்ட கதையே பெட்ரோலில்தான் தொடங்குகிறது. 1910-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், காருக்கு ஊற்றிய பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறது என்ற புகாரை ஆராயப் புகுந்தார் வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர். பெட்ரோலிலிருந்து பிரிந்து பறந்தவை புரோப்பேன், பியூட்டேன் போன்ற இலகுவான வாயுக்கள் என்று கண்டறிந்தார். அவற்றைத் தனியே பிரித்து, அழுத்தத்தில் திரவமாக்கி, கலனில் அடைக்கும் வழியையும் உருவாக்கினார். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பதும் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவைதான்.

குணத்தில் பெட்ரோலும் எல்பிஜியும் வேறு வேறு. திறந்த வெளியிலேயே ஆவியாகும் பெட்ரோல், டேங்கில் கிடந்தால் மெல்ல மெல்லக் கெடும். இலகுவான பகுதிகள் முதலில் பறந்துவிடும். மிஞ்சுவது காற்றோடு வினைபுரிந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளை போன்ற ஜெட்டுகளை அடைக்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனிப்படலமாகப் பிரிந்துவிடும். மாதக்கணக்கில் தூங்கிய ஜெனரேட்டர் புயலன்று கயிற்றை எத்தனை முறை இழுத்தும் எழாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பழைய பெட்ரோலே காரணம்.

சிலிண்டருக்குள் இருக்கும் எல்பிஜிக்குக் காற்றும் படாது, ஈரமும் படாது. ஆண்டுகள் போனாலும் அது கெடாது. கவனிக்க வேண்டியது சிலிண்டரின் சோதனைக் கெடுவை மட்டும்தான். கைப்பிடியின் உட்புறத் தகட்டில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை என்று கணக்கு.

பத்தில் ஒரு பங்கு குறையும்

எல்பிஜியில் ஓட்டினால் அதே ஜெனரேட்டரின் திறன் சுமார் 10 சதவீதம் குறையும். வாயு நிலையில் உள்ளே போகும் எல்பிஜி, என்ஜின் சிலிண்டருக்குள் காற்று நிரம்ப வேண்டிய இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோலோ துளிகளாகப் போய் உள்ளே ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக நிறையும். அந்த உதவி எல்பிஜிக்குக் கிடையாது. புரோப்பேனின் ஆக்டேன் எண் 100-க்கு மேல் என்பது உண்மை. ஆனால் என்ஜினின் அழுத்த விகிதம் பெட்ரோலுக்காக வகுக்கப்பட்டது என்பதால் அந்த மேன்மை பயன்படாமல் போகிறது.

உயரமும் திறனைக் குறைக்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் மூன்றரை சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டால், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் கால்பங்கு திறன் காற்றில்லாமலே போய்விடும். சென்னையில் சரியாக இருந்த அளவு அங்கே போதாது.

அதனால் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பி வாங்கக் கூடாது. அது பெரும்பாலும் சில நொடிகள் மட்டும் தரக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு எவ்வளவு, அதுவும் எல்பிஜியில் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

மோட்டார்தான் அளவைத் தீர்மானிக்கும்

ஒரு நடுத்தர வீட்டின் அவசியத் தேவை நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட், மூன்று மின்விசிறிகள் 210 வாட், எல்இடி விளக்குகள் 60 வாட், செல்போன் சார்ஜரும் வைஃபையும் 50 வாட். மொத்தம் 500 வாட்டுக்குள் அடங்கிவிடும். இதற்கு ஒன்றரை கே.வி.ஏ. ஜெனரேட்டரே தாராளம்.

கணக்கு மாறுவது தண்ணீர் மோட்டாரில். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 1,100 வாட் எடுக்கும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரைக் கிளப்பும் அந்த ஓரிரு நொடிகளில் அதைப்போல மூன்று முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த நொடியைத் தாங்காத ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும், அல்லது மின்னழுத்தம் சரிந்து மோட்டார் சுற்றாமல் சூடேறும். எனவே ஒரு குதிரைத்திறன் மோட்டார் உள்ள வீட்டுக்கு, எல்பிஜியில் தொடர்ந்து மூன்று கே.வி.ஏ.க்குக் குறையாமல் தரும் ஜெனரேட்டர் வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் கிளப்பி, பிறகு ஒவ்வொன்றாகப் போடும் பழக்கமும் வேண்டும்.

இணையத்தில் பார்த்து வெளிநாட்டு மாடலை வரவழைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாதாரண ஜெனரேட்டரில் இந்த 50 என்ற எண் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதால் வருகிறது. அமெரிக்காவுக்காகச் செய்தவை 3,600 சுற்றில் 60 ஹெர்ட்ஸ் தருபவை. அவற்றின் 120 வோல்ட் பிளக்குகள் நம் வீட்டுக்கு உதவா.

சாதாரண ஜெனரேட்டர் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 3,000 சுற்றில் இரைந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரோ மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, மின்னணுச் சுற்று மூலம் மறுபடி 50 ஹெர்ட்ஸாக மாற்றித் தருகிறது. சுமை குறைந்தால் என்ஜினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் குறையும், எரிபொருள் மிச்சம், கணினிக்கும் டிவிக்கும் ஏற்ற சுத்தமான மின்சாரம் கிடைக்கும். விலை கூடுதல். தண்ணீர் மோட்டாருக்காக மட்டுமே வாங்குபவருக்கு இது தேவையில்லை.

ஒரு சிலிண்டர் எத்தனை நாள்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. நல்ல சுமையில் சிறு ஜெனரேட்டர் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். மிச்சம் வெப்பமாகவும் புகையாகவும் போகிறது. சுமை குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று கே.வி.ஏ. இயந்திரத்தை ஓட்டி இரண்டு விளக்கு எரிப்பவர், எரிபொருளின் பெரும்பகுதியை என்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே செலவிடுகிறார்.

ஆகவே நாள் முழுக்க ஓட்டுவது தவறான வழி. காலையிலும் மாலையிலுமாக மொத்தம் மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். அந்த நேரத்தில் தொட்டியை நிரப்பலாம், ஃபிரிட்ஜைக் குளிரவிடலாம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் வீதம் சார்ஜ் ஏற்றலாம். மூன்று மணி நேரத்தில் ஏறும் மின்சாரம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறிகள் இரண்டையும் ஒரு விளக்கையும் இரவில் ஆறு மணி நேரம் தாங்கும். சில இன்வெர்ட்டர்கள் 'யுபிஎஸ்' நிலையில் ஜெனரேட்டரின் மின்சாரத்தை ஏற்காது; பின்புறச் சுவிட்சைச் சாதாரண நிலைக்கு மாற்றினால் ஏற்றுக்கொள்ளும்.

இப்படிச் சிக்கனமாக நாளுக்கு நான்கு யூனிட் எடுத்தால், திறனைக் குறைத்து மதிப்பிட்டாலும், 19 கிலோ சிலிண்டர் ஒன்று ஒரு வாரத்துக்கு வரும். பெட்ரோல் என்றால் அதே வாரத்துக்கு 30 லிட்டர் வரை வேண்டியிருக்கும். விற்பனைக்கு அல்லாமல் உரிமமின்றி வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் எல்லையும் அதே 30 லிட்டர்தான். பெட்ரோலை அவ்வளவு சேமித்து வைப்பதைவிட ஒரு சிலிண்டரை வைத்திருப்பது பாதுகாப்பானது.

ஆனால் எந்த சிலிண்டர்? சமையலுக்காகத் தரப்படும் 14.2 கிலோ சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல். வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ இணைப்பை முறையாகப் பெறுவதே சரி. அடுப்பு ரெகுலேட்டரையும் குழாயையும் எடுத்து மாட்டக் கூடாது. என்ஜின் இழுக்கும்போது மட்டும் வாயுவை விட்டு, நின்றதும் அடைத்துக்கொள்ளும் தனி ரெகுலேட்டர் ஜெனரேட்டரோடு வர வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் பாயும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். ஆகையால் சிலிண்டரும் வெளியே, தாழ்வில்லாத இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மணமில்லாத ஆபத்து

எரிவாயு சுத்தமாக எரியும், அதனால் வராந்தாவில் வைத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை அது. எந்த எரிபொருளில் ஓடினாலும் சிறு என்ஜின்கள் கார்பன் மோனாக்சைடைக் கக்குகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, உடலுக்குப் போக வேண்டிய ஆக்சிஜனைத் தடுத்துவிடும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

அமெரிக்காவில் மட்டும் கையடக்க ஜெனரேட்டர்களின் புகையால் ஆண்டுக்குச் சராசரியாக 85 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. கார் ஷெட், மாடிப்படியின் அடி, பால்கனி, ஜன்னலோரம் எதுவுமே ஆகாது. கார்பன் மோனாக்சைடு அளவு கூடினால் என்ஜினைத் தானே நிறுத்தும் சென்சார் கொண்ட மாடல்கள் இப்போது வருகின்றன. கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்குவது தகும். ஆனாலும் 20 அடி என்ற விதியை அது தளர்த்தாது.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும் அடுக்ககங்களிலும் இந்த 20 அடி பலருக்குக் கிடைக்காது. அவர்கள் ஜெனரேட்டர் வாங்கவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பணத்தில் பெரிய பேட்டரியும், மொட்டைமாடி இருந்தால் சோலார் தகடும் வாங்கலாம்.

இன்னொரு உயிர் ஆபத்து கம்பத்தின் மேலே இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து வீட்டுப் பிளக்கில் சொருகினால், மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். 11,000 வோல்ட்டை நமக்காகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர், பின்வழியாக வரும் 230 வோல்ட்டை மறுபடி 11,000 ஆக உயர்த்தும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி நம் தெருவுக்கு வெளிச்சம் தரக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதில் பலியாகலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்சும் எர்த்தும் அமைத்த பிறகே ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்க வேண்டும்.

வாங்கும் நாளும் அதன் பிறகும்

பணம் கட்டும் முன் எல்பிஜியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மோட்டார் அளவுள்ள ஒன்றை அதில் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் வசதி இருக்கிறதா, உதிரிபாகமும் மெக்கானிக்கும் உங்கள் ஊரில் கிடைப்பார்களா என்று கேளுங்கள். முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு என்ஜின் ஆயிலை மாற்றுங்கள். பெட்ரோலில் ஓட்டிய பிறகு எரிபொருள் குழாயை மூடி, கார்புரேட்டர் வறண்டு என்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கால் மணி நேரம் சுமையோடு ஓட்டுவது நல்லது. அது முடியாதவர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசியிலாவது இரண்டு எரிபொருளிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அன்று ஏதேனும் பழுது தெரிந்தால், சரிசெய்யக் கடையும் திறந்திருக்கும், சாலையும் திறந்திருக்கும்.