சிறுவர் முழங்கையில் ஒட்டாத முறிவு

மதிலிலிருந்து வழுக்கிய சிறுவன் கையை ஊன்றி விழுகின்றான். முழங்கை மூட்டின் வெளிப்புறம் வீங்குகின்றது; சில வாரங்களில் நோவு தணிகின்றது. ‘சுளுக்கு மாறிவிட்டது’ எனப் பெற்றோர் ஆறுதலடைகின்றனர். இவ்வாறு மறக்கப்படுவனவற்றுட் சில, புயவென்பின் கீழ்முனையிலுள்ள வெளிப்புறக் குமிழ் பிளந்த முறிவுகளாம். ஆறு வயதை அண்டியே இது பெரும்பாலும் நேர்கின்றது.

சிறுவர் என்பு விரைவில் ஒட்டும் என்பது பொதுவிதி. இம்முறிவோ அவ்விதிக்கு விலக்கு. முறிவு மூட்டினுள்ளே செல்வதால் மூட்டுநீர் இடையிற் புகுந்து ஒட்டுதலைத் தடுக்கின்றது. மணிக்கட்டை நிமிர்த்துந் தசைகள் இத்துண்டிலேயே பற்றியிருத்தலின், கட்டினுள்ளும் அதனை இழுத்தவண்ணமிருக்கும். எக்ஸ்கதிர்ப் படத்திற் கசியிழையம் தோன்றாது. ஆதலின் அரிசியளவாய்த் தெரிவது உண்மையிற் பெருந்துண்டாயிருத்தலுங் கூடும்.

ஒட்டாத துண்டு மெல்ல மேலேற, முன்கை வெளிப்புறமாகச் சாய்கின்றது. மூட்டின் உட்புறத்தே ஒரு நரம்பு உண்டு. முழங்கை இடிபடும்போது சின்னவிரல் வரை சுரீரென்பது அதனாலேயே. சாய்வினால் அது ஆண்டுதோறும் இழுபட்டு நைகின்றது. விழுந்ததையே மறந்த பருவத்திற் சின்னவிரல் மரத்து, கையின் சிறுதசைகள் சூம்பத் தொடங்கும். பாரிசு நகரத்துச் சத்திரவைத்தியர் பனாசு 1878இல் இத்தகைய பிற்கால நரம்பு நலிவை விவரித்தார்.

மூன்று வாரங் கடந்த முறிவைத் திறத்தலாகாது என்பது நெடுங்காலம் வழங்கிய கொள்கை. அவ்வாறு திறக்கப்பட்டோர் சிகிச்சையே பெறாதோரினும் நலமடைந்திலர் என 1975இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. அச்சம் வீணன்று. துண்டுக்குரிய குருதி பின்புறத்து மெல்லிழையங்கள் வழியே வருகின்றது. பழைய இடத்தில் அச்சொட்டாகப் பொருத்தும் ஆசையால் அவற்றை உரித்தெடுத்தால் துண்டு இறந்துபடும். ஆயின் பிழை காலத்தில் மட்டுமன்று, முறையிலும் இருந்தது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். இன்று பலர் பின்புறத்தைத் தொடாது, இடையில் வளர்ந்த நாரிழையத்தை அகற்றி, வேண்டுமிடத்து இடுப்பென்பிலிருந்து எடுத்த என்பை நிரப்பி, துண்டை ஏறத்தாழ இருந்த இடத்திலேயே திருகாணியால் இறுக்குகின்றனர். அழகிய படமன்று, ஒட்டுதலே இங்கு நோக்கம். கோணலைப் பின்னர் என்பை வெட்டி நேராக்கலாம். நலிந்த நரம்பை மூட்டின் முன்புறத்துக்கு மாற்றலாம். நோவும் தளர்வுமின்றிப் பல்லாண்டு பழகிய கையில் கத்தி வையாதிருத்தலே சிலவேளை நன்று.

நம்மவர் முதலில் நாடுவது பெரும்பாலும் முறிவு நெரிவு வைத்தியரை. மூட்டினுள் முறிந்த கையை எண்ணெய் பூசி உருவுதல் தீங்கு பயக்கும். படம் எடுத்துப் பார்த்தல் முந்தவேண்டும். பிந்தியவரையும் கண்டுகொள்ள வழியுண்டு. உடற்பயிற்சி வகுப்பில் உள்ளங்கை முன்னோக்க இரு கைகளையும் நீட்டச் செய்க. ஒரு முன்கை மற்றதினும் வெளியே சாய்ந்திருப்பின், அம்மாணவன் எப்போதாவது விழுந்ததுண்டா எனப் பெற்றோரை வினவுக.