விரல் நுனியில் ஓர் அட்டவணை

2021 கோடையில் கோவிட் பரவியபோது தமிழ்நாட்டு வீடுகளில் ஓர் எண் புழக்கத்துக்கு வந்தது: 94. அதற்கு மேலே இருந்தால் வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம். கீழே இறங்கினால் ஆக்சிஜன் படுக்கை தேட வேண்டும். அதுவரை ஆபரேஷன் தியேட்டரிலும் ஐ.சி.யு.விலும் மட்டும் பார்த்திருந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் மருந்துக் கடைகளில் தீர்ந்துபோனது. கிடைத்தவர்கள் சொன்ன விலைக்கு வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் தலையிட்டு, இந்தக் கருவியின் மீது வைக்கும் வணிக லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

"சாச்சுரேஷன் எவ்வளவு?" என்று கேட்கப் பழகிக்கொண்ட நாம், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. ரத்தம் எடுக்காமல், ஊசி குத்தாமல், விரலில் மாட்டிய சில நொடிகளில் ஒரு கிளிப் எப்படி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைச் சொல்கிறது? அதன் விடையில் அழகான இயற்பியல் இருக்கிறது. கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக மருத்துவ ஆய்விதழ்களில் நடக்கும் ஒரு விவாதமும் இருக்கிறது. கருத்த தோல் உள்ள நமக்கு அந்த விவாதம் அயலார் விஷயம் அல்ல.

முதலில் இயற்பியல். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறும் நான்கு இடங்களில் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். தமனி ரத்தத்தில் உள்ள இந்த இடங்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதே சாச்சுரேஷன். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. நிறம் மாறுகிறது என்றால் ஒளியை உறிஞ்சும் விதமும் மாறுகிறது என்று பொருள். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அதிகம் விழுங்கும். 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். அங்கே ஆக்சிஜன் ஏறியதுதான் அதிகம் விழுங்கும். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இந்த இரண்டு ஒளிகளையும் உமிழும் எல்.இ.டி.கள், எதிர்ப்பக்கத்தில் ஓர் ஒளி உணரி. எல்.இ.டி.கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாறி மாறி எரிகின்றன. நடுவில் இரண்டும் அணைந்திருக்கும் சிறு இடைவெளியில் அறையின் வெளிச்சத்தை அளந்து கழித்துக்கொள்கிறது கருவி.

இதுவரை எளிது. ஆனால் விரல் என்பது தமனி ரத்தம் மட்டும் அல்லவே. தோல், நகம், எலும்பு, கொழுப்பு, சிரைகளில் திரும்பிப் போகும் ரத்தம் எல்லாமே ஒளியை உறிஞ்சுகின்றன. ஒருவர் விரலைப் போல் இன்னொருவர் விரல் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயரப் பறக்கும் விமானிகளுக்காக கிளென் மில்லிகன் என்ற அமெரிக்க ஆய்வாளர் காதுமடலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைச் செய்தார். இத்தகைய கருவிகளில் காதைச் சூடாக்க வேண்டும். ரத்தம் வடிய அழுத்திப் பிடித்துப் பூஜ்ஜியம் குறிக்க வேண்டும். 1970-களில் ஹியூலட்-பேக்கார்ட் நிறுவனம் எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தும் காது ஆக்சிமீட்டரைக் கொண்டுவந்தது. நன்றாகவே அளந்தது, ஆனால் பெரியது, விலை அதிகம். ஆய்வுக்கூடங்களைத் தாண்டி அது அதிகம் போகவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. 1971-இல் நிஹோன் கோடென் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் சேர்ந்த அவர் தேடியது ஆக்சிஜனை அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை அளக்க முயன்றுகொண்டிருந்தார். சிரையில் ஒரு சாயத்தை ஏற்றி, அது காதுமடலைக் கடந்து போவதை ஒளியால் கவனிக்கும் முறை அது. சாயம் ஏறி இறங்குவதைக் காட்டும் வளைகோடு வழுவழுப்பாக வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அதில் ஒரு சிற்றலை எழுந்து கணக்கைக் கெடுத்தது. சாயம் உறிஞ்சும் ஓர் அலைநீளம், உறிஞ்சாத ஓர் அலைநீளம் என இரண்டை எடுத்து ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிக்கட்டினால் அலை மறைந்துவிடும் என்று அவர் கண்டார். மறையவும் செய்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது சமன் கலைந்து அலை மறுபடி தலைகாட்டியது.

இன்னொருவராக இருந்தால் இதைத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். அயோயாகி யோசனையைத் திருப்பிப் போட்டார். ஆக்சிஜன் மாறும்போது சமன் கலைகிறது என்றால், ஆக்சிஜன் பற்றிய தகவல் அந்தச் சிற்றலைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் விம்முவது தமனி. தோலும் எலும்பும் நகமும் துடிப்பதில்லை. ஆக, வந்து சேரும் ஒளியில் நாடியோடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் அது தமனி ரத்தத்தின் சாட்சி. காதைச் சூடாக்க வேண்டியதில்லை, அழுத்த வேண்டியதில்லை. 1974 மார்ச்சில் அவர் நிறுவனம் ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஒரு மாதத்துக்குள் கேமரா நிறுவனமான மினோல்டாவும் இதே கருத்துக்கு விண்ணப்பித்தது. யார் முந்தியவர் என்பது சில வார இடைவெளியில் தீர்ந்த விஷயம்.

ஜப்பானில் பிறந்த யோசனையைச் சந்தைக்குரிய சரக்காக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1980-களின் தொடக்கத்தில் பயாக்ஸ், நெல்கார் ஆகிய நிறுவனங்கள் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களைக் குறிவைத்தன. நெல்கார் கருவியில் ஒரு நுட்பம் இருந்தது: ஒவ்வொரு துடிப்புக்கும் 'பீப்' ஒலிக்கும், சாச்சுரேஷன் குறையக் குறைய ஒலியின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலேயே, வேறு வேலை செய்துகொண்டே, காதால் நோயாளியைக் கண்காணிக்கலாம். பத்தாண்டுகளுக்குள் இது இல்லாமல் மயக்கம் கொடுப்பது பல நாடுகளில் விதிமீறல் ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1993-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டென்மார்க்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கருவியை மாட்டிச் சோதித்தார்கள். கருவி மாட்டியவர்களிடம் ஆக்சிஜன் குறைவு 19 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு எண்ணிக்கையில் மட்டும் புள்ளியியல் ஒப்பும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் இன்று எந்த மயக்க மருந்து நிபுணரிடமும் போய் அதைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்!

சரி, சிற்றலையைப் பிரித்தெடுத்தாயிற்று. சிவப்பில் அலை எவ்வளவு, அகச்சிவப்பில் எவ்வளவு என்று இரண்டு விகிதங்கள்; ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் 0.4 அளவில் இருந்தால் சாச்சுரேஷன் ஏறத்தாழ 100. 1 என்றால் 85. 2 என்றால் 50. இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது? ஒளி விரலுக்குள் நேர்கோட்டில் போவதில்லை. திசுக்களில் மோதி மோதிச் சிதறுகிறது. பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே துல்லியமான விடை தராது. அதனால் நிறுவனங்கள் மனிதர்களை வைத்து அட்டவணை தயாரிக்கின்றன.

ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலர் ஆய்வுக்கூடத்தில் படுத்து, ஆக்சிஜன் குறைக்கப்பட்ட காற்றைச் சுவாசிக்கிறார்கள். சாச்சுரேஷன் படிப்படியாக 70 வரை இறக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து உண்மையான அளவைச் சோதிக்கிறார்கள். அதே நொடியில் விரலில் இருந்த விகிதம் என்ன என்று பக்கத்தில் குறிக்கிறார்கள். அந்தப் பட்டியல்தான் கருவியின் சில்லுக்குள் போகிறது. உங்கள் விரலிலிருந்து விகிதத்தை எடுத்து, அந்த முன்பின் தெரியாத தன்னார்வலர்களின் பட்டியலில் தேடி, எதிரே உள்ள எண்ணைத் திரையில் போடுகிறது கருவி.

இதிலிருந்து சில விசித்திரங்கள் பிறக்கின்றன. 70-க்குக் கீழே யாரையும் கொண்டுபோக முடியாது என்பதால், திரையில் 58 என்று வந்தால் அது அட்டவணைக் கோட்டை நீட்டிச் செய்த ஊகம். இரண்டு ஒளிகளையும் ஏறத்தாழ சமமாக விழுங்கும் மெட்ஹீமோகுளோபின் ரத்தத்தில் நிறைய சேர்ந்துவிட்டால் (தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் போன்ற மருந்துகளால் நேரலாம்) விகிதம் 1-ஐ நோக்கிப் போகும்; உண்மை நிலை எதுவானாலும் கருவி 85-ஐச் சுற்றியே நிற்கும். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளிக்கு ஆக்சிஜன் ஏறியதைப் போலவே தெரியும். மூடிய அறையில் கரி அடுப்புப் புகையில் மயங்கியவருக்குக் கருவி 98 காட்டக்கூடும். அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்.

அட்டவணை யாருடைய விரல்களிலிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. 1990-இலேயே அமெரிக்காவில் அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரு நுரையீரல் மருத்துவர்கள், வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளைப் பார்த்து எழுதினார்கள்: வெள்ளையர்களுக்குக் கருவி 92 காட்டினால் போதும், கறுப்பின நோயாளிகளுக்கு 95 காட்ட வேண்டும். 2005-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஃபிலிப் பிக்லர் குழு தன்னார்வலர்களிடம் சோதித்தது. கருத்த தோலில், அதுவும் சாச்சுரேஷன் குறைவாக இருக்கும்போது, கருவி உண்மையைவிடக் கூட்டிச் சொல்கிறது என்று கண்டது. இரண்டு கட்டுரைகளும் நூலகங்களில் கிடந்தன. கருவிகள் மாறவில்லை.

2020 ஆகஸ்டில் எம்.ஐ.டி.யின் மானுடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் இந்தப் பழைய கட்டுரைகளைத் தூசு தட்டி ஒரு பொதுப் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷோடிங் குழு தங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளைத் துழாவி முடிவுகளை வெளியிட்டது. கருவி 92-க்கும் 96-க்கும் இடையே காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது எத்தனை முறை? வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, இந்தப் பிழையால் கறுப்பின, ஹிஸ்பானிய கோவிட் நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை என்பதே தாமதமாக உணரப்பட்டதைக் காட்டியது. பிரிட்டன் அரசு அமைத்த தனிக் குழுவும் 2024-இல் இந்தக் குறையை உறுதிசெய்தது.

துடிக்காத தோல் கணக்கிலிருந்து விலகிவிடும் என்பதுதானே அயோயாகியின் சூத்திரம். பிறகு தோலுக்குக் கருமை தரும் மெலனின் எப்படிக் குறுக்கே வருகிறது? முழு விடை இன்னும் இல்லை. எல்.இ.டி. ஒளி துல்லியமான ஒற்றை அலைநீளம் அல்ல, ஒரு சிறு பட்டை. மெலனின் அந்தப் பட்டையின் ஓர் ஓரத்தை மற்றதைவிட அதிகம் வடிகட்டுவதால் கருவி எதிர்பார்க்கும் நிறமே சற்று நகர்ந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பிக்லரின் ஆய்வுக்கூடம் அண்மையில் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது: கருத்த தோலோடு விரலில் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால்தான் பிழை மிகப் பெரிதாகிறது. ஆரோக்கியமான தன்னார்வலரின் கதகதப்பான விரலில் தெரியாத குறை, அதிர்ச்சி நிலையில் கை சில்லிட்டுக் கிடக்கும் நோயாளியிடம் ஏன் தெரிகிறது என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. அங்கே பதிவேட்டில் இருப்பது தோலின் நிறம் அல்ல, இனம். 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் கொரியரும் வருகிறார், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியின் மகனும் வருகிறார். அந்தக் கட்டத்தின் சராசரியை எடுத்து நம் ஊர் விரல்களுக்குப் பொருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இனத்தை விட்டுவிட்டுத் தோலையே அளக்க வேண்டும் என்பதை ஒழுங்குமுறை அமைப்புகளும் இப்போது ஏற்கத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-இல் சொன்ன விதிப்படி, ஒரு கருவியைச் சோதிக்க 10 தன்னார்வலர்கள் போதும். அவர்களில் இருவர் கருத்த தோல் உள்ளவர்களாக இருந்தால் சரி. 2025 ஜனவரியில் அது வெளியிட்ட வரைவு 150 பேருக்குக் குறையாமல் கேட்கிறது. தோல் நிறத்தைப் பத்துப் படிகள் கொண்ட மங்க் அளவுகோலாலும் ஒளியியல் கருவியாலும் குறிக்கச் சொல்கிறது. வெளிர், நடுத்தரம், கருமை என மூன்று பிரிவினரும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது. வரைவு வந்ததால் ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளின் அட்டவணை மாறிவிடாது.

அதற்காக அலமாரியில் இருக்கும் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் எண்ணை எப்படி வாசிப்பது என்று தெரிந்தால் போதும். முறையாகச் சோதித்து அனுமதி பெற்ற கருவியே 90 காட்டினால், உண்மை அளவு பொதுவாக 86-க்கும் 94-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம் என்கிறது எஃப்.டி.ஏ. ஒற்றை எண்ணைவிட, காலையில் 97, மதியம் 95, இரவு 92 என்று இறங்கும் போக்கு அதிகம் சொல்லும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை அளந்து குறித்துவைத்தால் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும். நகப்பூச்சைத் துடைத்து, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஆடாமல் உட்கார்ந்து, எண் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். கருத்த தோலில் உதடு நீலம் பாரிப்பது எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும். பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறவரை, திரையில் 96 இருந்தாலும், மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏ.பி.ஜி. சோதனை அங்கே உண்டு. ஊசி கொஞ்சம் வலிக்கும்.