இருவாச்சியின் குடித்தனம்

தை பிறந்ததும் கரமனை அக்கிரகாரத் தெருக்களில் கல்யாணப் பேச்சுதான். தாலி கட்டிய கையோடு மூணாறுக்கும் ஊட்டிக்கும், கொஞ்சம் வசதியிருந்தால் பாலித் தீவுக்கும் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். புது ஜோடிகளுக்கு நான் சொல்வது வேறு. தெருக்கோடியில் ஓடும் கரமனையாறு எந்த மலையில் பிறக்கிறதோ, அந்த மலைக்குப் போய்வாருங்கள். அகத்தியமலைத் தொடரில் ஊற்றெடுத்து, பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறு இது. அணையைச் சுற்றியுள்ள 53 சதுர கிலோமீட்டர் காடு 1983 முதல் வனவிலங்கு சரணாலயம். அந்த மலைத்தொடரின் காடுகளில், உங்களைப் போலவே தையில் குடித்தனம் தொடங்கும் பறவை ஒன்று இருக்கிறது.

இருவாச்சி. மலையாளத்தில் மலமுழக்கி வேழாம்பல். கேரளத்தின் மாநிலப் பறவை. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு மீட்டருக்கு மேல் நீளம், விரித்த சிறகு ஒன்றரை மீட்டர். பெரிய மஞ்சள் அலகின்மேல் இன்னொரு கொண்டை. பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் அந்தக் கொண்டையின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். இருந்தும் அலகின் பாரத்தைத் தாங்க, கழுத்தெலும்புகளில் முதல் இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஆணையும் பெண்ணையும் கண்ணை வைத்தே பிரித்துவிடலாம்: ஆணுக்குச் சிவப்பு விழி, பெண்ணுக்கு வெள்ளை. சிறகின் அடிப்பக்கத்தை மூடும் சிறு இறகுகள் போதாததால், பறக்கும்போது இறகிடுக்குகளில் காற்று புகுந்து பேரோசை எழுப்புகிறது. நீராவி ரயில் ஒன்று மரங்களுக்கு மேலே போவதுபோல இருக்கும். பறவை கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே அந்த ஓசை வந்துவிடும்.

இனிதான் இதன் வாழ்க்கையில் வியப்பான பகுதி. தை, மாசியில் பெண் பறவை உயரமான மரமொன்றின் பொந்துக்குள் நுழைந்து வாசலை அடைக்கத் தொடங்குகிறது. தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் மண்ணையும் குழைத்துப் பூசிப் பூசி, கடைசியில் அலகு மட்டும் நுழையும் ஒரு கீற்றை மிச்சம் வைக்கிறது. பாம்போ மரநாயோ உள்ளே வர வழியில்லை. ஒன்றோ இரண்டோ முட்டை. நாற்பது நாளளவு அடைகாத்தல். இந்தக் காலத்தில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஆகவே சுவரை உடைத்து வெளியே வந்தாலும் அதனால் பறக்க முடியாது.

முழுக் குடும்பத்தின் வயிறும் ஆணின் பொறுப்பு. அத்தி, ஆல் இனப் பழங்களைத் தொண்டைப் பையில் நிரப்பி வந்து, ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து அலகு நுனியில் நிறுத்திக் கீற்றின் வழியே நீட்டும். குஞ்சு பொரித்தபின் ஓணான், பூச்சி, சிறு பாம்பும் சேரும். கழிவையும் கொட்டையையும் பெண் அதே கீற்று வழியே வெளியே தள்ளிவிடுகிறது. மரத்தடியில் முளைத்துக் கிடக்கும் கன்றுகளைப் பார்த்தே மேலே என்ன விருந்து நடந்தது என்று சொல்லிவிடலாம். ஆண் விழுங்கிய மற்றக் கொட்டைகள் தாய்மரத்தை விட்டு வெகுதூரத்தில் விழுந்து முளைக்கின்றன. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வெளியேறும்; குஞ்சு தானே வாசலைத் திரும்ப அடைத்துக்கொள்ளும். பிறகு இருவருமாக ஊட்டுவார்கள். மொத்தத்தில் மூன்று நான்கு மாதம் இப்படிப் போகும்.

இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. அதன் பலவீனம் இதுதான். கிளை முறிந்து, உளுத்து, இயற்கையாக உண்டான பொந்துதான் அதற்கு வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பறவைக்கு இடம் தரும் பொந்து முதிர்ந்த பெருமரத்தில்தான் அமையும். ஒத்துவந்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வரும். அப்படிப்பட்ட ஒரு மரத்தை வெட்டினால், பதிலுக்கு நூறு கன்று நட்டாலும் நம் ஆயுளுக்குள் ஈடாகாது. 2018-இல் இதை ‘அழிவாய்ப்புள்ள இனம்’ என்று உலகப் பட்டியலில் சேர்த்ததற்குக் காடழிப்பும் வேட்டையும் காரணங்கள். ஆறுதலான செய்தியும் உண்டு: வடக்கே வாழச்சால் காடுகளில், ஒருகாலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த காடர் பழங்குடியினரே இன்று கூட்டுமரங்களைக் கண்காணித்துக் காக்கிறார்கள்.

மாசி, பங்குனியில் போகிறவர்கள் ஒற்றையாய்ப் பறக்கும் ஆணைக் கண்டால், எங்கோ ஒரு பொந்தில் அதை நம்பி ஒரு பெண் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடர்ந்து போய்க் கூட்டைத் தேடாதீர்கள். வனத்துறை அனுமதியோடு, காட்டை அறிந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துப் போவது நல்லது. பழுத்த அத்திமரம் தெரியும் இடத்தில், விடிந்த கொஞ்ச நேரத்தில், தூரத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பாருங்கள். கூட்டுமரத்தடியில் நின்று படமெடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆண் பறவை பழத்தோடு எட்டவே உட்கார்ந்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு அந்த வேளைச் சாப்பாடு தள்ளிப்போகும்.